உப்புச் சுரங்கத்துக்குள் பேசின சம்பந்தம்

1

மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் உப்புச் சுரங்கத்துக்குள் இறங்கினோம் என்று எழுதினால் ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே லண்டன் பிளேஸ்டோவிலும் சிரிக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை கோவிலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஒருவர் என்னை மறித்து, "அண்ணை, போலந்திலை பொம்பிளை வீட்டுக்காரரைக் கிடங்குக்கை இறக்கித்தான் ஓம் சொல்ல வைக்கிறவையோ?" என்று கேட்டார். பூசை தொடங்கிவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனேன். முழு மறுமொழி இதுதான்.

முதலில் என்னைப் பற்றி. லண்டனுக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. பெற்றோல் செட், பேக்கரி, பொதி பிரிக்கிற இடம் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் போன வழியால் நானும் போய், கடைசியில் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் நிலைத்துவிட்டேன். நகரத்தின் நடுவில் இருக்கிற ஆழமான நிலையம். பெயர் வேண்டாம். காலை ஷிப்ட் என்றால் விடிய முதல் கீழே இறங்கி, மத்தியானம் மேலே வந்து வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவேன். லிப்ட் பழுதான நாட்களில் சுழல் படிக்கட்டின் வாசலில் நின்று, இருதய வருத்தக்காரர் இதால் இறங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பது என் பொறுப்பு. என்னுடைய இங்கிலீஷ் ஒலிபெருக்கியில் வந்தால் சனம் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும். முந்தி அது வெட்கமாக இருந்தது. இப்போது, நிமிர்ந்து பார்த்தால் அறிவித்தல் காதில் விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கும் மனைவி மலருக்கும் ஒரே பிள்ளை, நிவேதா. பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறாள். தமிழ் நன்றாக விளங்கும். கதைக்கச் சொன்னால் "வாறன்", "போறன்", "பசிக்குது", "காணும்" என்று நாலைந்து சொல்லோடு முடிந்துவிடும், மிச்சம் இங்கிலீஷும் தமிழும் கலந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வயது வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். பிறகு நீச்சல் வகுப்பும் சனிக்கிழமைதான் என்று வந்தது. நீச்சல் வென்றுவிட்டது. நாங்களும் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை, ஏனென்றால் சனிக்கிழமை எனக்கும் ஷிப்ட், மலருக்கும் ஷிப்ட்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்த தாயிடம் போய் நிவேதா தொமெக் என்ற பெயரைச் சொன்னாள். போலந்துப் பெடியன். வால்தம்ஸ்டோவில் இருக்கிறான், கட்டட வரைபடம் கீறுகிற கம்பனியில் வேலை, மூன்று வருடப் பழக்கம். மலர் கத்தவில்லை. நீத்துப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "தாய் தகப்பன் ஆர்?" என்று மட்டும் கேட்டாள். தகப்பன் இல்லை, தாய் போலந்தில் தனிய இருக்கிறார் என்று பதில் வந்தது.

பிறகு நிவேதா சொன்னதைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. "அம்மா, நீங்க நோ எண்டால் நான் கலியாணம் செய்யமாட்டன். பட் வேறை ஒருத்தரையும் செய்யமாட்டன்."

"என்ன, வெருட்டுறியோ?"

"இல்லை. ஜஸ்ட் சொல்லுறன்."

இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். மகள் சொன்னால் சொன்னதுதான், அது தாயிடமிருந்து வந்த குணம். மலர் வேண்டாம் என்றுவிட்டால், இந்த வீட்டில் தாயும் மகளும் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகக் கதைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பார்கள். சண்டை போடுகிற வீட்டில் இருக்கலாம். மரியாதையாகக் கதைக்கிற வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

2

மலரின் தீர்மானம் இதுதான். பெடியனின் தாயை நேரில் பார்க்காமல் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. பார்க்கப் போகிற வீட்டில், முற்றாகும் வரைக்கும் கை நனைக்க மாட்டாள்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால் விஷயம் முற்றாகுமட்டும் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது என்பதற்காக வைத்த வழக்கமாக இருக்கவேண்டும். என்னுடைய ஐயா எனக்காக மலரின் வீட்டுக்குச் சங்கானைக்கு மூன்று தரம் சைக்கிளில் போனவர். பொருத்தம் பார்த்ததில் ஒரு சாத்திரி ஓம் என்றார், மற்றவர் இல்லை என்றார், அதனால் இழுபட்டது. இரண்டாம் தரம் போய்வந்து ஐயா சொன்னாராம்: "நல்ல குடும்பம். ஆனால் பாயாசத்துக்கு முந்திரிகை வத்தல் கனக்கப் போட்டிருந்தினம். அதைப் பாத்துக்கொண்டிருக்கிறது பெரிய கரைச்சல்." மூன்றாம் தரம் முற்றாகி, இரண்டு கோப்பை குடித்துவிட்டுத்தான் எழும்பினாராம்.

"அவை வெள்ளைக்காரர், மலர். இது அவைக்கு விளங்காது," என்று சொல்லிப் பார்த்தேன்.

"விளங்காட்டிப் பரவாயில்லை. எனக்கு விளங்குதுதானே," என்றாள்.

நிவேதாவுக்கும் இதைச் சொன்னோம். அவள் சிரித்தாள். தாய் பகிடி விடுகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

3

போலந்தின் கிராகோவில் மூன்று பேரும் இறங்கியதும் முதல் வேலை வரிசை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாங்கள் வெளியே வந்த பிறகு பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு வேறு வரிசை. முந்தி அந்த நீல நட்சத்திரப் பலகைக்குக் கீழே ராசா மாதிரிப் போனவர்கள் இப்போது மற்றப் பக்கத்தில் நிற்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனக்குப் பெரிய அவமானம் நடந்துவிட்டதாகப் புறுபுறுத்துக்கொண்டே வந்தார். எனக்கு அந்த வரிசை பழகின வரிசை, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெண் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டாள். சுற்றுலா என்று சொல்ல நான் வாயெடுக்க, மலர் முந்திக்கொண்டு, "கலியாணம் பேச," என்று இங்கிலீசில் சொன்னாள். யாருடைய கலியாணம் என்று அந்தப் பெண் கேட்டாள். "என்ரை மகளின்ரை. இன்னும் முடிவாகேல்லை." அந்தப் பெண் எங்களுக்குப் பின்னால் நின்ற நிவேதாவை நிமிர்ந்து பார்த்தாள். நிவேதா கூரையைப் பார்த்தாள்.

என்னிடம் வேறு கேள்வி. போலந்துக்கு வருவது முதல் தடவையா? ஓம் என்றேன். கடவுச்சீட்டின்படி அது சரி. அதற்கு முந்தின தடவை எனக்குக் கடவுச்சீட்டு இருக்கவில்லை. லொறி ஒன்றின் பின்னால், படங்குக்குக் கீழே, ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட பன்னிரண்டு பேரில் ஒருவனாக இந்த நாட்டைக் கடந்தேன். போலந்தில் நான் பார்த்தது படங்கின் ஒரு கிழிசலுக்குள்ளால் தெரிந்த மழைதான். மலருக்கு இது தெரியும். மகளுக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

4

தொமெக்கின் தாயின் பெயர் ஹலினா. சுரங்கம் இருக்கிற சின்னப் பட்டணத்திலேயே மூன்றாம் மாடியில் வீடு. தொமெக் முந்தியே வந்து அங்கே நின்றான். நாங்கள் போனபோது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பூத்தையல் போட்ட துணி விரித்த தட்டில் ஒரு முழுப் பாணும் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்புமாக நின்றார். அந்த நாட்டில் மரியாதைக்குரிய விருந்தாளியை அப்படித்தான் வரவேற்பார்களாம். ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டுச் சாப்பிடவேண்டும்.

மலர் இரண்டு கையையும் கூப்பி, வணக்கம் என்றாள். கூப்பின கையை எடுக்கவேயில்லை. தட்டு அவளுக்கு முன்னால் நின்றது. நான் ஒரு துண்டு எடுப்போம் என்று கையை அசைத்தேன். மலர் என்னைப் பார்த்த பார்வையில் கை தானாகவே மற்றக் கையோடு சேர்ந்து கூப்பிக்கொண்டது. அப்போதுதான் நிவேதாவுக்குத் தாய் பகிடி விடவில்லை என்று விளங்கியது. முகம் சிவந்து, தொமெக்கிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். தொமெக் தாயிடம் சொன்னான். ஹலினா உடனே தட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மலரின் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"நீ என்னெண்டு சொன்னனி?" என்று கேட்டேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் வயிறு சரியில்லை எண்டு," என்றாள் நிவேதா. "வேறை என்ன சொல்ல, அப்பா?"

அதிலிருந்து தொடங்கியது கூத்து. ஹலினாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மலர் சொல்வதைத் தமிழிலிருந்து மகள் இங்கிலீஷ் ஆக்குவாள், அதைத் தொமெக் போலிஷ் ஆக்குவான். திரும்பி வருவதும் அதே பாதை. வழியில் இரண்டு பிள்ளைகளும் சொல்லைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறார்கள் என்பது ஒரு மணித்தியாலத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மலர் நீளமாக ஒன்று சொல்ல, அது மறுபக்கம் போய்ச் சேரும்போது நாலு சொல்லாக இருக்கும், ஹலினா சிரிப்பார். மலர் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

அடுத்த நாள் மத்தியானம் மேசை நிறையச் சாப்பாடு. நாங்கள் மாடு தின்னமாட்டோம் என்று கேட்டறிந்து, எல்லாம் மரக்கறி. உருளைக்கிழங்கு வைத்த மாவுருண்டை, காளான், முட்டைக்கோவா, அப்பிள் கேக். இரண்டு நாளாகச் சமைத்தாராம். நாங்கள் ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு இருந்தோம். ஐயா பாயாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கரைச்சல் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. தொமெக் மூன்று பேரின் பங்கைத் தின்று முடித்தான். ஹலினா தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. வருத்தக்காரரை இருத்திவிட்டுத் தான் எப்படிச் சாப்பிடுவது என்றாராம்.

திரும்பி ஹோட்டலுக்கு வந்து, லண்டனிலிருந்து கொண்டுபோன பருத்தித்துறை வடையைக் கட்டிலில் இருந்து தின்றோம்.

"பாவம் மலர், அந்த மனிசி," என்றேன்.

"எனக்கும் பாவமாத்தான் கிடக்கு," என்றாள். "அதுக்காகத் திண்டிட்டு, நாளைக்கு மனம் ஒப்பாமல் வந்தால் என்ன செய்யிறது? ஒரே பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ."

அன்று பின்னேரம் தொமெக் போன் எடுத்தான். சுரங்கத்துக்குள்ளே இருக்கிற காற்று வருத்தக்காரருக்கு நல்லது, அதற்கென்று கீழே வைத்தியசாலை மாதிரி ஒரு பகுதியே இருக்கிறது, நாளைக்குக் கட்டாயம் கூட்டிப்போகவேண்டும் என்று தாய் சொல்கிறாராம்.

"அங்கை சாப்பாடு ஒண்டும் தரமாட்டினம்தானே?" என்று மலர் கேட்டாள். இல்லை என்றதும் ஒத்துக்கொண்டாள்.

5

உப்பு என்றால் கடல், வெயில், பாத்தி என்றுதான் எனக்குத் தெரியும். ஆனையிறவைத் தாண்டிப் போகும்போது வெள்ளைக் குவியல்களை பஸ் யன்னலால் பார்த்த ஆள் நான். அது நிலத்துக்குக் கீழே மலையாகக் கிடக்கும், அதைச் சனம் நூற்றுக்கணக்கான வருடமாக வெட்டி எடுத்தது, குதிரைகளைக்கூடக் கீழே வைத்து வளர்த்து வேலை வாங்கியது என்றெல்லாம் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

இறங்குவது மரப் படிக்கட்டால். ஒரு தட்டு முடிய இன்னொரு தட்டு, சுற்றிச் சுற்றிக் கீழே போகிறது. வழிகாட்டி ஒரு இளம் பெண், சீருடை போட்டு, எல்லோருடைய காதிலும் கேட்க ஒரு கருவி தந்தாள். மலர் அதைக் காதில் மாட்டிவிட்டு, போடுகிற பொத்தானை அமத்தவேயில்லை. ஹலினா தோளில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டபடி மலரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினார். மலருக்கு முழங்கால் நோ உண்டு, அது உண்மை. ஆனால் ஹலினா பிடித்தது வயிற்று வருத்தத்துக்காக.

எனக்கு வேலைப் புத்தி போகவில்லை. கைப்பிடி இருக்கிறதா, அவசர வெளிச்சம் எங்கே, ஒரு தட்டில் எத்தனை பேர் நிற்கலாம் என்று பார்த்துக்கொண்டு போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் நிலையத்தைவிடத் திறம். ஒரு சந்தியில் இரண்டு கூட்டம் ஒன்றாக வந்தபோது என்னை அறியாமலே சுவரோரம் ஒதுங்கி, கையைக் காட்டி ஆட்களை அனுப்பத் தொடங்கிவிட்டேன். நான் போட்டிருந்தது வேலைக்குப் போடுகிற நீலச் சட்டை. ஒரு ஸ்பானியக் குடும்பம் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டது. அம்புக்குறி கண்ணில் பட்டிருந்ததால் சரியாகவே காட்டினேன்.

கீழே சுவர், கூரை, நிலம் எல்லாம் சாம்பல் நிற உப்பு. கருங்கல் என்றுதான் நினைப்பீர்கள். நக்கிப் பாருங்கள் என்று வழிகாட்டி சொல்ல, பெரிய மனிதர்கள் எல்லாம் சுவரை நக்கினார்கள். மலரும் விரலால் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். ஹலினா கையைப் பிடித்து நிறுத்தி, வயிற்றைக் காட்டித் தலையாட்டினார். அதற்கு ஒரு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

ஒரு இடத்தில் கூரையைத் தாங்கிக்கொண்டு வெள்ளை அடித்த பெரிய மரக்குற்றிகள் நின்றன. ஹலினா நின்று, ஒன்றில் கையை வைத்து ஏதோ சொன்னார். தொமெக்கின் தகப்பன் இங்கே மரவேலை செய்தவராம், இந்தப் பக்கத்தில் குற்றி மாற்றின ஆட்களில் அவரும் ஒருவராம். அவர் செத்த பிறகு ஹலினா கீழே இறங்குவது இதுதான் முதல் தரம். மலர் அதைக் கேட்டுவிட்டு, ஹலினா கை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் தானும் கையை வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தேவாலயம். நிலத்துக்குக் கீழே அவ்வளவு பெரிய மண்டபம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பீடம், சுவரிலே செதுக்கின உருவங்கள், தரை, மேலே தொங்குகிற சரவிளக்குகள் எல்லாம் உப்பு. உண்மையாகவே வடிவு. நான் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் நடந்ததன் தொடக்கம் எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கும்போது மலரின் சப்பாத்து இரண்டும் வாசலோரம் சோடியாக இருந்தது. அவள் காலுறையோடு நடந்துபோய், மாதாவின் சிலைக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

சாமி இருக்கிற இடத்தில் சப்பாத்தோடு நிற்க எங்கள் ஆட்களுக்குக் கால் கூசும். யாருடைய சாமி என்றதில்லை. மலர் யோசித்துச் செய்திருக்க மாட்டாள், கால் தானாகக் கழற்றியிருக்கும். ஆனால் அந்தத் தரை பட்டுப்போல வழுக்குகிற உப்புத் தரை. வழிகாட்டி ஓடிவந்து, தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள், விழுந்துவிடுவீர்கள் என்றாள். மலரைப் பக்கத்து வாங்கில் இருத்தினார்கள். சுரங்கத்துக்கென்று நிவேதா வாங்கிக் கொடுத்த, கயிறு கட்டுகிற சப்பாத்து அது. மலருக்குக் குனிய முழங்கால் விடவில்லை. எங்கள் கூட்டம் அடுத்த வாசலால் போகத் தொடங்கியிருந்தது. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு வருவதற்குள், ஹலினா பையை இறக்கி வைத்துவிட்டு அந்த உப்புத் தரையில் முழங்காலில் இருந்து, மலரின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துச் சப்பாத்தைப் போட்டு, கயிற்றைக் கட்டினார். ஒரு கால் முடிய மற்றக் கால்.

"ஐயோ வேண்டாம், வேண்டாம்," என்று மலர் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

உங்களுக்கு இதன் கனம் தெரியும். மாப்பிள்ளையின் தாய் வந்து நின்றால் பொம்பிளையின் தாய் கதிரையில் இருக்கவே யோசிப்பாள். எங்கள் கலியாணத்தன்று என்னுடைய அம்மா வாசலுக்கு வந்தபோது மலரின் தாய்தான் செம்பில் தண்ணீரோடு ஓடினவர். இங்கே எல்லாம் தலைகீழாக நடந்துவிட்டது. மலருக்குக் கண் கலங்கி, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஹலினா அதைப் பார்த்து வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்தார்.

6

சுற்றுப்பயணம் முடிகிற இடத்தில், மேலே போகிற லிப்டுக்கு முன்னால் பெரிய ஒரு கூடம். நீளமான மர வாங்குகள். மற்றவர்கள் லிப்ட் வரிசைக்குப் போக, எங்களை ஹலினா ஒரு மூலையில் இருத்தினார். துணிப்பையைத் திறந்து சூட்டுப் போத்தல் ஒன்றை எடுத்தார். வருத்தக்காரருக்கென்று காலமை வைத்த மரக்கறிச் சூப். மூடியில் ஊற்றி, இரண்டு கையாலும் மலருக்கு நீட்டினார்.

மலர் அதை வாங்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"நிவே, உள்ளதைச் சொல்லு. எனக்கு வயித்திலை ஒண்டுமில்லை எண்டு சொல்லு."

"அம்மா, ப்ளீஸ். நொட் நவ்."

"இப்பவே சொல்லவேணும். மாப்பிள்ளையின்ரை தாய் என்ரை காலைத் தொட்டிட்டா. இனியும் இவவுக்குப் பொய் சொல்லேலாது."

மாப்பிள்ளை என்ற சொல் அவள் வாயால் வந்தது அதுதான் முதல் தடவை. நிவேதா பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நிவேதா இங்கிலீசில் சொன்னாள். வருத்தம் ஒன்றும் இல்லை, தான் சொன்ன பொய் அது, விஷயம் முற்றாகாமல் சாப்பிடுவது தங்களுடைய வழக்கத்தில் இல்லை என்றாள். தொமெக் காது சிவக்கச் சிவக்கத் தாயிடம் சொன்னான். ஹலினா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் மலரையே பார்த்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நாளைக்கு இப்பிடிச் சாப்பிடாமல் இருப்பீங்கள் எண்டு கேக்கிறா," என்று வந்து சேர்ந்தது.

"முற்றாகுமட்டும்," என்றாள் மலர்.

ஹலினா சூப்பைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றி, மூடியை இறுக்கினார். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு மலருக்கு நேரே வந்து இருந்தார். "அப்ப பேசுவம் எண்டு சொல்லுறா," என்றான் தொமெக் இங்கிலீசில்.

ஊரில் சம்பந்தம் பேசும்போது பொம்பிளை அறைக்குள் இருப்பாள், மாப்பிள்ளை அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டான். இங்கே பேசப்படுகிற இரண்டு பேரும் நடுவில் இருந்து சொல்லைக் காவவேண்டியதாகப் போய்விட்டது. மலர் முறைப்படி கேட்டாள். குடும்பத்தில் நீண்டகால வருத்தம் உண்டா, சகோதரங்கள் எத்தனை, பெடியன் குடிப்பானா.

"கிழமையிலை ஒருக்கா, ரெண்டு பியர்," என்று தொமெக் தானே மறுமொழி சொன்னான்.

"உம்மட்டைக் கேக்கேல்லை. தாயிட்டைக் கேளும்."

அவன் கேட்டான். தாய் கொஞ்சம் நீளமாகப் பதில் சொன்னார். "நாலு பியர்," என்றான். மலர் தலையாட்டினாள், உண்மை பேசுகிற குடும்பம் என்கிற மாதிரி.

ஹலினாவும் கேட்டார். நாங்கள் எப்படி லண்டனுக்கு வந்தோம், இந்த நாட்டுக்கு முதல் வந்திருக்கிறோமா என்று. ஹலினாவின் முகத்தைப் பார்த்துக் கடவுச்சீட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லொறியைப் பற்றிச் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில், சுருக்கமாக. நிவேதா என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டாள்.

"அப்பவும் எங்கடை நாட்டிலை ஒண்டும் சாப்பிடாமலோ போனீங்கள் எண்டு கேக்கிறா," என்றான் தொமெக்.

பிஸ்கட் பெட்டி ஒன்று இருந்தது என்றேன். ஹலினா சிரிக்கவில்லை.

கடைசியாக மலர் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "உங்களுக்கு எங்களிட்டையிருந்து என்ன வேணும்?"

நிவேதாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அம்மா, இது டவுரி. ஐ ஆம் நொட் ஆஸ்கிங் தட்."

"கேக்கிறது முறை. கேளாமல் விட்டால் நாங்கள் தரமாட்டம் எண்டு அர்த்தம். இஞ்சருங்கோ, நீங்கள் கேளுங்கோ."

நான் கேட்டேன். தொமெக் பதறிப்போய், ஒன்றும் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம் என்றான். "நீர் சொல்லாதேயும், தாய் சொல்லட்டும்," என்று மலர் அவனை அடக்கினாள். அவன் வேறு வழியில்லாமல் தாயிடம் கேட்டான்.

லிப்ட் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. பிறகு ஹலினா நிதானமாகச் சொன்னார். தொமெக் அதை உடனே சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிவேதா முழங்கையால் இடித்த பிறகுதான் சொன்னான். பேரப்பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் தன்னோடு நேரே கதைக்கவேண்டும். நடுவில் ஒருவரும் நின்று சொல்லாமல், தன்னுடைய பாஷையில். தனக்கு இருக்கிறது ஒரே மகன், அவன் லண்டனில், தான் இங்கே. வேறொன்றும் வேண்டாம்.

மலருக்கு இங்கிலீஷிலேயே விளங்கியிருக்கும். ஆனாலும் நான் தமிழில் ஒருமுறை சொன்னேன். அவள் ஹலினாவையே பார்த்துக்கொண்டு, குரலில் ஒரு கோபமும் இல்லாமல் சொன்னாள்.

"அது எங்களாலை தரேலாது எண்டு சொல்லு, நிவே. எங்களுக்கே அது கிடைக்கேல்லை."

மூன்று நாளாக மகள் தாயின் சொல்லை மழுப்பிக்கொண்டு வந்தவள். மாட்டன் என்றால் பிறகு பார்ப்போம் என்பாள், பிடிக்கவில்லை என்றால் வித்தியாசமாக இருக்கிறது என்பாள். இதையும் அப்படி ஏதாவது ஆக்கியிருக்கலாம். அவளுக்கு முகம் எரிந்துபோய் இருந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், தன்னைப் பற்றிய அந்த வசனத்தை இங்கிலீசில் சொன்னாள். தொமெக்கும் அப்படியே போலிஷில் சொன்னான்.

ஹலினா போத்தலைத் திறந்து மறுபடி மூடியில் ஊற்றினார். இந்த முறை நீட்டவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் வாங்கின் மேல் வைத்தார். மலர் அதை எடுத்துக் குடித்தாள். இடையில் நிறுத்தாமல் முழுவதையும் குடித்து, வெறும் மூடியை வாங்கில் வைத்தாள்.

நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு போத்தலைக் கையில் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடட்டோ, அம்மா?" என்று கேட்டாள்.

"விடு," என்றாள் மலர்.